ஜிம் சான்றிதழும் பிசியோதெரபி சீட்டும்

வணக்கம் நேயர்களே. நான் சேலம் அம்மாப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள், இப்போது அஸ்தம்பட்டி பக்கம் மூணு கட்டில் போட்ட ஒரு சின்ன பிசியோதெரபி கிளினிக் நடத்துகிறேன். அதற்கு முன்னால் ஒன்றரை வருஷம் ஒரு ஜிம்மில் டிரெயினராக இருந்தேன். இன்றைக்கு இந்த மைக்குக்கு முன்னால் என்னை உட்கார வைத்தது அந்த ஒன்றரை வருஷம்தான் என்று நினைக்கிறேன்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் இருந்து என் போனுக்கு ஒரே கேள்விதான் வந்துகொண்டிருக்கிறது. ஓமலூர், ஆத்தூர், வாழப்பாடி, மேட்டூர் என்று எங்கிருந்து பேசினாலும் வாசகம்கூட மாறாது. "அக்கா, பிசியோதெரபி படிக்கணும்னு ஆசைங்க. மார்க் பத்தல. இந்த வருஷம் ஜிம் டிரெயினர் சர்டிபிகேட் எடுத்து வச்சுக்கிட்டா அடுத்த வருஷம் சீட் கிடைக்குமுங்களா?"

கிடைக்காது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் அர்த்தமில்லை. நான் சேர்ந்த காலத்தில் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு நடத்தும் துணை மருத்துவப் படிப்புக் கவுன்சலிங்கில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மார்க்கைத்தான் பார்த்தார்கள், எத்தனை கிலோ தூக்குவாய் என்று யாரும் கேட்கவில்லை. 2021-ல் துணை மருத்துவத் துறைக்கென்று தனியாக ஒரு தேசிய ஆணையச் சட்டம் வந்தது, பிசியோதெரபியும் அதற்குள் வருகிறது, அதற்குப் பிறகு பாடத்திட்டம், படிப்புக் காலம், சேர்க்கை விதி எல்லாமே மாற ஆரம்பித்துவிட்டன. நான் படித்தது நாலு வருஷமும் ஆறு மாச இன்டர்ன்ஷிப்பும். உங்களுக்கு அது அப்படியே இருக்கும் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். விண்ணப்பிக்கிற வருஷத்து விளக்கக் குறிப்பேட்டை வாங்கி வரி விடாமல் படியுங்கள், மூணு வருஷத்துக்கு முன்னால் சேர்ந்த பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னதைக் கேட்டு ஏமாந்தவர்கள் எனக்குத் தெரிந்தே இரண்டு பேர் இருக்கிறார்கள்.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றும் எனக்குத் தெரியும். யூடியூப்பில் அமெரிக்கப் பிள்ளைகள் பேசுவதைப் பார்க்கிறார்கள். அங்கே பிசியோதெரபி என்பது பட்டப்படிப்பு முடித்த பிறகு சேர்கிற மூணு வருஷ டாக்டர் பட்டம். அதற்கு முன்னால் உடற்பயிற்சி அறிவியலிலோ உயிரியலிலோ ஒரு டிகிரி முடிக்கிறார்கள், அந்த நாலு வருஷத்தில் கைச்செலவுக்கும் ஆச்சு, அனுபவத்துக்கும் ஆச்சு என்று பர்சனல் டிரெயினர் சான்றிதழ் எடுத்து ஜிம்மில் வேலை பார்க்கிறார்கள். கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது, ஒரு பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் நின்று இத்தனை மணி நேரம் பார்த்திருக்கிறேன் என்று பல இடங்களில் கணக்குக் காட்ட வேண்டும். அந்த ஊரில் இந்த அனுபவத்துக்கு ஒரு மரியாதை உண்டு. நம் ஊரில் பிளஸ் டூ முடித்த கையோடு நேராக பி.பி.டி. என்கிற பிசியோதெரபி இளநிலைப் பட்டப்படிப்பில் சேர்கிறோம், அவர்கள் ஏறுகிற படிக்கட்டே வேறு.

அப்படியானால் சான்றிதழ் வேண்டாமா? எனக்கு அது வேண்டியிருந்தது. அந்தக் கதையைச் சொல்கிறேன்.

எங்க அப்பா குழித்தறி நெசவாளி. காலைக் குழிக்குள் விட்டு, மிதியை மாற்றி மாற்றி மிதித்து, வலது கையால் நாடாக் கயிற்றை இழுத்துக்கொண்டே இருப்பார், ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் தடவை என்று யார் எண்ணினார்கள். எனக்கு விவரம் தெரிந்ததில் இருந்து சாயந்திரம் ஆனால் அவருடைய வலது தோளில் தைலம் தேய்ப்பது என் வேலை. பிசியோதெரபி ஆசை அங்கேதான் முளைத்தது என்று பேட்டிகளில் சொல்வார்களே, அப்படியெல்லாம் இல்லை, அந்தத் தைல வாசனை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஆனால் எங்கே அழுத்தினால் "அங்கதான், அங்கதான்" என்பார் என்று கைக்குத் தெரிந்திருந்தது.

பிளஸ் டூவில் பயாலஜியில் கவிழ்ந்தேன். சீட் கிடைக்கவில்லை. தனியார் கல்லூரிக்குக் கட்டப் பணம் இல்லை. தெருமுனை ஜிம்மில் பெண்கள் நேரத்துக்கு வரவேற்பில் உட்கார ஆள் வேண்டும் என்றார்கள், போனேன். மாசம் 5000 ரூபாய். மூணாவது மாசம் முதலாளி, "நீயே சொல்லிக் குடு பாப்பா, ஒரு சர்டிபிகேட் மட்டும் வாங்கிடு" என்றார். அவர் காட்டிய இடத்தில் வெள்ளி, சனி, ஞாயிறு மூணு நாள் வகுப்பு. மூணாம் நாள் சாயந்திரம் தங்க நிற ஓரம் போட்ட சான்றிதழில் என் பேர் அச்சாகி வந்துவிட்டது. தேர்வு என்று ஒன்று இருந்தது, பதிலை அவர்களே போர்டில் எழுதிப் போட்டார்கள். கூட இருந்த பையனுக்கு முட்டி எலும்பு எது, குதிகால் எலும்பு எது என்று தெரியாது, அவனும் பாஸ்.

அதைப் பிரேம் போட்டு ஜிம் சுவரில் மாட்டினார்கள். நான் அதற்குக் கீழே நின்று எனக்கே தெரியாததைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆறு மாசம் அப்படித்தான் ஓடியது.

அந்த ஆறு மாசத்தில்தான் தட்டுவடை செட் கடை அக்கா வந்தார். பேர் வேண்டாம். வயசு நாற்பத்தெட்டு. வெளியூர் நேயர்களுக்குச் சொல்கிறேன், தட்டுவடை செட் என்றால் இரண்டு சின்னத் தட்டுவடைக்கு நடுவில் சட்னி, துருவிய பீட்ரூட், கேரட் எல்லாம் வைத்து மூடித் தருவது, சேலத்தில் சாயந்திரம் ஆனால் தெருவுக்கு இரண்டு வண்டி நிற்கும். அந்த அக்கா நாள் முழுக்கத் துருவுகிறவர். "தோள் புடிச்சுக்கிச்சு கண்ணு, கையைப் பின்னால கொண்டு போய் கொண்டை போட முடியல, ஜாக்கெட் ஊக்குகூட என் பொண்ணுதான் மாட்டிவிடுது" என்றார். நான் என்ன செய்தேன்? தோள் இறுகிப்போச்சு, இழுத்து விட்டால் சரியாகிவிடும் என்று ரப்பர் பேண்டைக் கதவில் கட்டிக் கையை மேலே இழுக்க வைத்தேன். வலித்தது. "வலிச்சாத்தான் அக்கா சரியாகும்" என்றேன். இந்த வாக்கியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சுடும். பத்தாம் நாள், "ராத்திரி அந்தப் பக்கம் படுக்கவே முடியல கண்ணு" என்றார். பதினோராம் நாள் வரவில்லை. கட்டின மூணு மாசப் பணத்தைத் திருப்பிக் கேட்கவும் இல்லை.

அவர் சேரும்போது நிரப்பிக் கொடுத்த படிவம் என் மேசையில்தான் இருந்தது. சர்க்கரைக்கு எட்டு வருஷமாக மாத்திரை என்று அவர் மகள் அழகாக எழுதியிருந்தாள். நான் அதைப் படித்துவிட்டு, உறுப்பினர் எண்ணைப் போட்டு, பைலில் சொருகினேன்.

அதற்குப் பிறகுதான் எனக்குள் ஒரு பயம் வந்து உட்கார்ந்தது. அம்மாவின் கழுத்துச் சங்கிலியைச் செவ்வாய்ப்பேட்டையில் அடகு வைத்து, வெளியே மதிப்புள்ள ஒரு சான்றிதழுக்குப் பணம் கட்டினேன். இந்தப் பகுதியைச் சுருக்கமாகவே சொல்கிறேன், எல்லா விவரமும் அந்தந்த அமைப்பின் இணையதளத்தில் கிடைக்கும். ஏசிஇ, என்ஏஎஸ்எம், ஏசிஎஸ்எம் என்று அமெரிக்க அமைப்புகள் நடத்துகிற தேர்வுகள் நம் ஊர் ஜிம்களில் பேர் பெற்றவை. பதினெட்டு வயசு ஆகியிருக்க வேண்டும், உயிர்காக்கும் முதலுதவியான சிபிஆர் பயிற்சிச் சான்று கையில் இருக்க வேண்டும். ஏசிஇ தேர்வில் 150 கேள்விகள், மூணு மணி நேரம். என்ஏஎஸ்எம் தேர்வில் 120 கேள்விகள், இரண்டு மணி நேரம். கேள்விகள் ஆங்கிலத்தில் இருக்கும், தமிழ் வழியில் படித்தவர்கள் பயப்பட வேண்டாம், நானும் தமிழ் வழிதான், எலும்புகளின் பேர் எல்லாருக்குமே லத்தீன். வாங்கினால் ஆயுசுக்கும் செல்லாது, குறிப்பிட்ட வருஷத்துக்கு ஒரு தடவை மேற்படிப்பு நேரக் கணக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். நம் நாட்டிலும் மத்திய அரசின் திறன் மேம்பாட்டு ஏற்பாட்டின் கீழ் விளையாட்டு, உடற்தகுதித் துறைக்கு ஒரு திறன் கவுன்சில் இருக்கிறது, ஃபிட்னஸ் டிரெயினர் என்று தனித் தகுதியே வைத்திருக்கிறார்கள், செலவு யோசிக்கிறவர்கள் அதைப் பாருங்கள். சிஎஸ்சிஎஸ் என்று ஒன்று சொல்வார்கள், விளையாட்டு வீரர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவர்களுக்கானது, அதற்கு டிகிரி வேண்டும், பி.பி.டி. முடித்த பிறகு யோசித்தால் போதும்.

எதை எடுத்தாலும் ஒன்று பாருங்கள். அந்தத் தேர்வில் பெயிலாக முடியுமா? பணம் கட்டினவர்கள் எல்லாரும் பாஸ் என்றால் அந்தப் பணத்துக்கு நாலு பயாலஜி புத்தகம் வாங்கிவிடலாம்.

சரி, என்ன கற்றேன்? சிபிஆர் வகுப்பை மறக்க முடியாது. ரப்பர் பொம்மையின் நெஞ்சில் இரண்டு கையையும் கோத்து வைத்து, அஞ்சு சென்டிமீட்டருக்குக் குறையாமல், ஆறுக்கு மேல் போகாமல், நிமிஷத்துக்கு நூறில் இருந்து நூற்றிருபது தடவை அழுத்த வேண்டும், முப்பது அழுத்தலுக்கு இரண்டு மூச்சு. சரியான ஆழம் போனால் பொம்மைக்குள் 'டக்' என்று சத்தம் வரும். எனக்கு அப்போது நாற்பத்திரண்டு கிலோ. முதல் நிமிஷம் டக், டக் என்று வந்தது, ஒன்றரை நிமிஷத்தில் சத்தம் நின்றுவிட்டது, நான் அழுத்திக்கொண்டுதான் இருக்கிறேன், ஆழம் போகவில்லை. "இதுக்குத்தான் ரெண்டு நிமிஷத்துக்கு ஒருதடவை ஆள் மாத்தணும்னு வச்சிருக்காங்க, உன்னால முடியலன்னு சொல்லு, பக்கத்துல இருக்கறவன் வருவான்" என்றார் சொல்லிக் கொடுத்தவர். முடியவில்லை என்று வாய் விட்டுச் சொன்னால் பாராட்டு கிடைக்கிற ஒரு வகுப்பில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

அந்தப் பாடப் புத்தகத்தில் நான் எதிர்பார்த்தது தசையும் எடையும். இருந்தது, ஆனால் கணிசமான பக்கங்கள் வேறு ஒன்றைத்தான் பேசின. டிரெயினர் நோயைக் கண்டுபிடித்துச் சொல்லக் கூடாது. வலிக்குச் சிகிச்சை தரக் கூடாது. மருந்து, மாத்திரை பற்றி வாய் திறக்கக் கூடாது. சேர வருகிறவரிடம் முதலில் ஏழு கேள்வி கேட்க வேண்டும்: இதயக் கோளாறு, நெஞ்சு வலி, தலைசுற்றல், எலும்பு மூட்டுத் தொந்தரவு, ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ மருந்து என்று போகும் அந்தப் பட்டியல். ஏதாவது ஒன்றுக்கு ஆமாம் என்றால் டாக்டரிடம் அனுப்பிவிட்டு அப்புறம்தான் பயிற்சி. என் ஜிம் முதலாளியிடம் இதைச் சொன்னேன். "எல்லாரையும் டாக்டர்கிட்ட அனுப்பினா நாம ஷட்டரைச் சாத்திட்டுப் போக வேண்டியதுதான், கீழ ஒரு கையெழுத்து வாங்கிக்கோ போதும்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. வாடகை கட்ட வேண்டியவர்.

ஜிம்மில் புரோட்டீன் பவுடர் டப்பா விற்கிற கதை தனி. அதை இங்கே ஆரம்பித்தால் இன்றைக்கு முடியாது.

அடுத்த வருஷம் பிளஸ் டூ பயாலஜியை மறுபடி எழுதி, மார்க் ஏறி, பி.பி.டி. சேர்ந்தேன். முதல் வருஷம் அனாடமியில் ஒரு சின்ன லாபம் இருந்தது உண்மை. மற்றவர்கள் தொடையின் முன்பக்கத் தசையைக் குவாட்ரிசெப்ஸ் என்று மனப்பாடம் செய்துகொண்டிருந்தபோது, அது எந்த மிஷினில் எந்த இடத்தில் எரியும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. நஷ்டமும் இருந்தது. ஜிம்மில் தப்பாகப் பழகியதை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டியிருந்தது, ஒன்றும் தெரியாமல் வந்த பிள்ளைகளுக்கு அந்த வேலை இல்லை.

தோள் பற்றிய பாடம் வந்தது. நேயர்களே, உட்கார்ந்திருக்கிறவர்கள் இதைச் செய்து பாருங்கள், ஏற்கனவே தோளில் வலி இருப்பவர்கள் வேண்டாம். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, முன்கையை வயிற்றுக்கு நேராக மடக்குங்கள். இப்போது முழங்கை விலாவை விட்டு நகராமல், கதவைத் திறப்பது மாதிரி முன்கையை மட்டும் வெளிப்பக்கம் திருப்புங்கள். நன்றாக வெளியே போகிறதா? போனால் சரி. தசை பலவீனமாக இருந்தால் நீங்களாகத் திருப்பும்போது போகாது, ஆனால் இன்னொருத்தர் பிடித்துத் திருப்பினால் போகும். யார் திருப்பினாலும் போகவில்லை, பூட்டுப் போட்ட மாதிரி ஒரே இடத்தில் நிற்கிறது என்றால் மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்கியிருக்க வாய்ப்பு உண்டு. அதைத்தான் ஃப்ரோசன் ஷோல்டர் என்கிறோம். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது மற்றவர்களைவிட அதிகமாக வரும், அதிலும் நாற்பதில் இருந்து அறுபது வயசுக்குள் இருக்கும் பெண்கள் நிறையப் பேர். வலி உச்சத்தில் இருக்கும்போது பலவந்தமாக இழுத்தால் இன்னும் மோசமாகும். முழுசாக இளகுவதற்கு ஒரு வருஷம், இரண்டு வருஷம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும்.

பேராசிரியர் இதைச் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு போனார். எனக்கு அந்தப் படிவமும் அதில் இருந்த கையெழுத்தும் கண் முன்னால் வந்து நின்றன. வகுப்பு முடிந்தும் எழுந்திருக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்காவின் கடைக்குப் போனேன். இரண்டு செட் வாங்கித் தின்றேன், சொல்ல வந்ததை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூணாவதும் வாங்கினேன். அவரே பார்த்துவிட்டு, "கை இப்ப பரவாயில்ல கண்ணு, முக்கால்வாசி வருது" என்று தலைக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய்க் காட்டினார். கொண்டை அவரே போட்டது. நான் ஒன்றும் செய்யாமல் தானாக இளகிய தோள். மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை, ஒரு செட்டுக்குக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

இதைக் கேட்டுவிட்டு, ஜிம் வேறு, பிசியோதெரபி வேறு, அது தப்பு இது சரி என்று நினைக்காதீர்கள். இரண்டுக்கும் ஒரே வீட்டுத் திண்ணைதான். இரண்டாம் உலகப் போர் முடிகிற சமயம், அமெரிக்காவில் சிகாகோவில் ஒரு ராணுவ மருத்துவமனை. முட்டியில் காயம்பட்ட சிப்பாய்களால் வார்டு நிரம்பி வழிகிறது. காயம் ஆறின காலுக்கு லேசான பயிற்சியை நூற்றுக்கணக்கான தடவை செய்யச் சொல்வதுதான் அன்றைய வழக்கம், மாசக்கணக்கில் கட்டிலில் கிடந்தார்கள். தாமஸ் டிலார்ம் என்ற இளம் ராணுவ டாக்டர் அங்கே இருந்தார். சின்ன வயசில் ரூமாட்டிக் காய்ச்சலில் படுத்து எழுந்து, பளு தூக்கி உடம்பைத் தேற்றினவர் அவர். எனக்கு வேலை செய்தது இவர்களுக்குச் செய்யாதா என்று, சிப்பாய்களின் பாதத்தில் இரும்பு மாட்டிக் கனமான எடையைத் தூக்க வைத்தார். எல்லாரும் பயந்தார்கள், ஆனால் தொடை தேறியது. 1945-ல் கட்டுரையாக எழுதினார். அப்புறம் வாட்கின்ஸ் என்ற இன்னொரு டாக்டரோடு சேர்ந்து அந்த முறையைச் சீராக்கினார்: பத்துத் தடவை மட்டும் தூக்க முடிகிற எடை எது என்று கண்டுபிடி, அதில் பாதியைப் பத்துத் தடவை, முக்காலைப் பத்துத் தடவை, முழுசைப் பத்துத் தடவை.

நம் ஜிம் வெள்ளைப் பலகையில் 'மூணு செட், பத்து' என்று எழுதியிருக்கிறதே, அதன் வேர் ஒரு மருத்துவமனை வார்டில் இருக்கிறது. என் கிளினிக்கில் தருகிற தாளிலும் பல பேருக்கு அதையேதான் எழுதுகிறேன். வித்தியாசம், யாருக்கு எழுதக் கூடாது என்பதில்.

இன்டர்ன்ஷிப்பில் ஒரு நாள் ஏற்காட்டில் முகாம். அடிவாரத்தில் இருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, கூட வந்த ஒருத்தி எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்தாள். காப்பி பழம் பறிக்கிற சீசன். எஸ்டேட்டில் வேலை செய்கிற ஒரு அம்மா, அம்பது தாண்டியிருக்கும், முட்டி வலி என்று வந்தார். நான் உடனே முட்டியைப் பிடித்துப் பார்க்கப் போனேன். கூட இருந்த மேடம் என் கையைத் தட்டிவிட்டு, "ஏறும்போது வலிக்குதாம்மா, இறங்கும்போது வலிக்குதா?" என்று மட்டும் கேட்டார். "ஏர்றதுல ஒண்ணுமில்லீங்க, மூச்சு வாங்கும் அவ்வளவுதான். எறங்கையில உயிர் போகுது" என்றார் அந்த அம்மா.

மலையில் நடந்து பழகினவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும். ஏறும்போது தொடைத் தசை சுருங்கிக்கொண்டே வேலை செய்கிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடம்பின் கனத்தைப் பிடித்து நிறுத்துகிறது, பிரேக் போடுகிற மாதிரி, அப்போது முட்டிச் சில்லின் மேல் பாரம் அதிகம். சேலத்தில் இருந்து ஞாயிற்றுக்கிழமை ஆசைக்கு மலையில் நடந்து இறங்கிவிட்டு, செவ்வாய்க்கிழமை மாடிப்படியில் பக்கவாட்டில் இறங்குகிறார்களே, அதற்கும் காரணம் இதுதான், அந்தத் தசை வலி மறுநாளில் இருந்து மூணு நாளைக்குள் உச்சத்துக்குப் போய்விட்டுத் தானாக அடங்கும். ஜிம்மில் ஸ்குவாட் உட்காரும்போது "மெதுவா இறங்கு, நாலு எண்ணு" என்று கத்துவோம். ஏன் என்று தெரியாமலேதான் நான் கத்தியிருக்கிறேன்.

அந்த அம்மாவுக்கு மேடம் சொன்ன பயிற்சிக்கு மிஷின் எதுவும் வேண்டியிருக்கவில்லை. லைன் வீட்டு வாசல்படியில் ஒரு காலில் நிற்க வேண்டும், சுவரைப் பிடித்துக்கொள்ளலாம், இன்னொரு குதிகாலை மெதுவாகக் கீழே தரையில் தொட்டுவிட்டு மேலே வர வேண்டும், முட்டி உள்பக்கம் சாயக் கூடாது. வலி பொறுக்கிற அளவுக்குச் சின்ன உயரத்தில் ஆரம்பித்து, வாரம் போகப் போக ஏற்ற வேண்டும். டிலார்ம் சிப்பாய்களுக்கு இரும்பு மாட்டினார், இங்கே படியின் உயரம்தான் எடை. அந்த அம்மா எங்கள் முன்னாலேயே பத்துத் தடவை செய்துவிட்டு, "இவ்வளவுதானா, ஊசி கிடையாதா?" என்று கேட்டார். சப்பென்று போய்விட்டது அவருக்கு.

இப்போது மறுபடி அந்த போன் கேள்விக்கு வருகிறேன். ஒரு வருஷம் கையில் இருக்கிறது, அதை வைத்து என்ன செய்வது? முதல் வேலை மார்க். காலையில் ரெண்டு மணி நேரமாவது பாடப் புத்தகம், அதில் விட்டுக்கொடுக்காதீர்கள், ஜிம் வேலை காலை அஞ்சு மணிக்கு ஆரம்பித்து ராத்திரி பத்துக்கு முடியும், நடுவில் கிடைக்கும் நேரத்தைத் தூங்கியே தீர்த்துவிடுவோம், நானும் தீர்த்தேன். வேலைக்குச் சேர்வதானால் ஒரு ஷிப்ட் மட்டும். டிரெயினர் வேலையிலேயே மனசு போய்விட்டால் அதுவும் நல்லதுதான், உடற்கல்விப் பக்கம் போகலாம், சென்னை நந்தனத்தில் இருக்கிற ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரி 1920-ல் ஆரம்பித்தது. பிசியோதெரபி ஒன்றுதான் உடம்பைத் தெரிந்துகொள்கிற வழி என்று நான் சொல்லவே மாட்டேன்.

நம்ம மாவட்டத்துப் பையன்கள் வேறு ஒரு காரணத்துக்காகவும் வருகிறார்கள். பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு அஞ்சு வயசில் வலது கால் மேல் பஸ் ஏறி நசுங்கி, பின்னால் 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். சின்னப்பம்பட்டி நடராஜன் 2021-ல் முட்டி ஆபரேஷன் செய்துகொண்டு மறுபடி கிரிக்கெட்டில் பந்து போட வந்தார். "அந்த மாதிரி ஆளுங்களுக்கு நான் பிசியோவா இருக்கணும்கா" என்கிறார்கள். இருங்கள், யார் வேண்டாம் என்றது. ஆனால் என் மூணு கட்டிலில் ஒரு சாதாரண திங்கட்கிழமைக்கு யார் யார் வருகிறார்கள் தெரியுமா? கொலுசுப் பட்டறையில் குனிந்து குனிந்து கழுத்து பிடித்தவர், பக்கவாதத்துக்குப் பிறகு டம்ளரைப் பிடிக்கப் பழகுகிற வாத்தியார், பிரசவத்துக்குப் பிறகு இடுப்பு வலி தீராத பெண், மாவுக்கட்டு பிரித்த ஆறாம் வகுப்புப் பையன். எங்க அப்பாவும் வருவார், தறியை விட்டு மூணு வருஷம் ஆகிறது, தோளைவிட இப்போது சும்மா இருப்பதுதான் அவருக்கு வலி.

போன மாசம் ஓமலூர் பக்கத்தில் இருந்து ஒரு பையன் நேரிலேயே வந்துவிட்டான். கையில் ஒரு அகாடமியின் நோட்டீஸ், ஏழே நாளில் டிரெயினர். பணம் கட்டலாமா என்று கேட்டான். கட்டுவது இருக்கட்டும், வியாழக்கிழமை காலையில் வந்து ஒரு மூலையில் உட்கார், போனை எடுக்காதே, நாற்காலியில் இருந்து எழுந்திருக்கும்போது எத்தனை பேர் தொடையில் கை ஊன்றி எழுகிறார்கள் என்று மட்டும் எண்ணு என்றேன். உள்ளே இடம் இல்லை, செருப்புக் கழற்றும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தேன். வந்து அசையாமல் மூணு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். மத்தியானம் நோட்டைக் காட்டினான். பதினாலு பேரில் ஒன்பது பேர். ஒன்பதில் இரண்டு பேர் ஒரு கையை மட்டும் ஊன்றினார்கள், அதையும் தனியாகக் குறித்திருந்தான். பரவாயில்லையே என்றேன்.

கிளம்பும்போது வாசலில் நின்று, "அக்கா, இன்னொண்ணு, இது நீங்க கேக்கல. நீலச் சட்டை போட்ட தாத்தா, இடுப்பு வலின்னு வந்தாரே, அவரோட செருப்புல வலது கால் செருப்பு மட்டும் வெளிப்பக்கம் ஒரேடியா தேஞ்சிருந்துச்சு. இடது கால்ல அப்படி இல்ல" என்றான்.

அந்தத் தாத்தா எனக்கு மூணு வாரமாக வருகிறவர். உள்ளே வரும்போது எப்போதும் வெறும் காலோடுதான் வருவார். நான் அந்தச் செருப்பைப் பார்த்ததே இல்லை.